கை காட்டினாலும் நிற்காத வண்டி

என் அளியனுக்குப் பனிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டி வந்தபோது எங்களிடம் பனியும் இல்லை, வண்டியும் இல்லை. கேரள எல்லைச் செக்போஸ்ட் இருந்த அமரவிளையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு ஒரு முற்றம் இருந்தது. அதில் வெட்டிப் போட்ட தென்னந்தடி ஒன்று கிடந்தது. என்னுடைய பழைய ஸ்கூட்டர் இருந்தது. இவற்றை வைத்துக்கொண்டுதான் தொடங்கினோம்.

அளியன் என்று நான் சொல்வது என் மனைவியின் அண்ணனை. அவனும் என்னை அளியா என்றுதான் கூப்பிடுவான். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல் இரண்டு திசையிலும் செல்லும். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, அதனால் நீ, எலே என்றுதான் பேச்சு. நான் ரப்பர் மேட்டில் பிறந்தவன். அவன் பொழியூர்க் கடற்கரைக்காரன். ஒரு மழைக்காலத்தில் கடல் அவன் வீட்டின் சமையலறையை எடுத்தது, அடுத்த மழைக்காலத்தில் மீதியை எடுத்தது. வள்ளங்களை இழுத்து வைக்கக் கரை இல்லாமல் போனதால் அவனுக்கு வேலையும் குறைந்தது. மனைவி பிள்ளைகளோடு உள்ளே தள்ளி ஒரு அறையில் இருந்தான். எங்கே என்ன வேலை என்றாலும் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் சொல்லாமலே போகிறவன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரப்பர் வெட்டினேன். பிறகு களியக்காவிளையிலிருந்து லாரியில் கிளீனராகப் போனேன். லாரி போன ஊர்களில் எல்லாம் இறங்கி இருந்து பார்த்திருக்கிறேன். சூரத்தில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவியபோது ஒருவர் வந்து, மலையாளமும் தமிழும் தெரிந்த சமையலாள் வேண்டும், பனிக்குப் பயப்படக்கூடாது என்றார். எங்கள் பக்கத்து அதியன்னூர்க்காரர். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு இமாச்சலில் ஒரு பள்ளத்தாக்கில் தங்குமிடம் நடத்துகிறார். சேட்டன் என்று கூப்பிடுவோம். பனி என்றால் எனக்கு மார்கழிக் காலையில் ரப்பர் இலையில் நிற்கிற ஈரம்தான். அதற்கு என்ன பயம் என்று கிளம்பிவிட்டேன்.

அங்கே பனி வேறு. இடுப்புவரை விழும். ஒரே வாரத்தில் வேலி தெரியாது, பாதை தெரியாது, நிறுத்தி வைத்த ஜீப் எங்கே என்று கம்பை விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். தங்குமிடம் பள்ளத்தில் இருந்தது. மலைமேல் சறுக்க வருகிறவர்களுக்காக ஒரு மரக்குடில் இருந்தது. அந்தக் குடிலுக்கு அரிசியும் பருப்பும் எரிவாயுவும் போக வேண்டும். கோவேறு கழுதை போகாது. மனிதன் போகலாம், ஆனால் அரிசியோடு போக முடியாது. அதற்காகத்தான் சேட்டன் அந்த வண்டியை வாங்கியிருந்தார்.

அந்தப் பக்கத்தில் இதை ஸ்னோ ஸ்கூட்டர் என்பார்கள். முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு ஸ்கீ, சறுக்குப் பலகைகள். பின்னால் அகலமான ரப்பர் பெல்ட் ஒன்று சுற்றித் தள்ளும். சுற்றுலாக்காரர்களை ஏற்றுகிற வண்டி கனமானது. அடித்து இறுக்கிய பனியில் பஸ் மாதிரி போகும். புதுப்பனியில் இறக்கினால் எருமை சேற்றில் படுப்பதுபோலப் படுத்துவிடும். சேட்டன் வாங்கியது மலைக்கென்று செய்த வண்டி, மெலிந்தது. அதன் பெல்ட் நீளம், அதில் விரல் நீளத்துக்குப் பற்கள். நீளமாக இருப்பதால் கனம் பரவி விழும், பனிக்குமேல் மிதக்கும். ஸ்கீ இரண்டும் நெருங்கி இருப்பதால் உடம்பைச் சாய்த்தாலே வண்டியும் சாயும். புதைந்துபோனாலும் இரண்டு பேர் வாலைப் பிடித்துத் தூக்கி நகர்த்திவிடலாம்.

லேசான வண்டி என்றால் ஓட்ட லேசு என்று நினைத்தேன். அது அப்படி இல்லை. கனத்த வண்டி தன் போக்கில் போகும், நாம் தப்புச் செய்தாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. இது நாம் செய்வதை எல்லாம் உடனே எடுத்துக்கொள்ளும். தும்மினால்கூடத் திரும்பும். முதல் சில நாட்கள் ஹேண்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வண்டி நேராகவே போய் ஒரு தேவதாரு மரத்தடியில் நின்றது. ஆழமான பனியில் ஸ்கீக்குப் பிடிமானம் இல்லை, அதனால் ஹேண்டிலை மட்டும் நம்பிப் பயனில்லை. இடப்பக்கம் போக வேண்டும் என்றால் இடது கால்பலகையில் உடம்பின் கனத்தைப் போட வேண்டும். ஹேண்டிலை ஒரு கணம் வலப்பக்கம் வெட்டி, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, வண்டியை நம் மேலே இழுப்பதுபோல இழுக்க வேண்டும். அப்போது அது ஒரு விளிம்பில் சாய்ந்துகொண்டு சொன்ன இடத்துக்கு வரும். போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஹேண்டிலைத் திருப்புவது என்பது கைக்குப் பழகவே நாளாகும்.

உட்கார்ந்து ஓட்டக் கூடாது. முட்டுக்காலை லேசாக மடக்கி நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும், இல்லாவிட்டால் வால் புதைந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். சரிவில் குறுக்கே போகும்போது மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து, மேட்டுப் பக்கக் கால்பலகையில் நிற்க வேண்டும். பயந்து பள்ளத்துப் பக்கம் கனத்தைப் போட்டால் வண்டி புரளும். இது எல்லாவற்றுக்கும் மேலான ஒரு விஷயம் உண்டு. ஏற்றத்தில் நிறுத்தக் கூடாது. ஓடுகிறவரை மிதக்கும், நின்றால் அமிழும். அமிழ்ந்த பிறகு ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பெல்ட் தனக்கே குழி தோண்டும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் வளைத்து, மூக்கைப் பள்ளத்துப் பக்கம் காட்டி நிறுத்த வேண்டும்.

இதைச் சேட்டன் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். எனக்கு மனசிலாகியும் இருந்தது. ஆனாலும் தேவதாரு மரங்களைத் தாண்டி மொட்டைச் சரிவில் நான் முதல்முறை தனியாக ஏறியபோது சரிவின் நடுவில் நிறுத்தினேன். சேட்டன் உச்சியில் நின்று கையைத் தூக்கினார். நான் பிரேக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான். வண்டி மெதுவாக இறங்கி, இருக்கை மட்டும் தெரிய உட்கார்ந்தது.

சேட்டன் மேலிருந்து உருண்டும் நீந்தியும் வந்து சேர்ந்தார்.

"எதுக்குடே நிறுத்துன?"

"நீங்க கை காட்டுனீங்க."

"கை காட்டுனது நிக்காம வான்னு சொல்லுகதுக்கு ஆக்கும்!"

"எங்க ஊருல கை காட்டுனா நிறுத்தணும், சேட்டா."

அவர் பனியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "அமரவிளைக்காரன் இல்லா நீ. செக்போஸ்ட்ட ஊருல விட்டுட்டு வந்திருப்பேன்னு நெனச்சேன். ஒனக்க காலுலயே கெட்டிக் கொண்டுவந்திருக்க."

அது உண்மைதான். பழைய செக்போஸ்ட்டைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இது உடம்பில் உண்டு. ஒரு கை உயர்ந்தால் யாருடைய கை, எதற்காக என்று பார்ப்பதற்கு முன்பே கால் பிரேக்குக்குப் போய்விடும். சட்டவிரோதமாக ஒன்றும் கொண்டுபோகாதவன்தான் முதலில் நிறுத்துவான். நிறுத்தி, சிரித்து, பையைத் தானே திறந்து காட்டுவான். என் அப்பா கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் யாரோ ஒரு தெரிந்தவர் கை அசைத்ததற்கு மொபெட்டை நிறுத்தி, முன்னாலிருந்த பலகாரப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நாங்கள் அப்படித்தான். அன்றைக்குச் சேட்டனும் நானும் வண்டியைத் தோண்டி எடுத்து, முன்னால் பனியை மிதித்து இறுக்கி, இரண்டு பக்கமும் ஆட்டி விடுவித்துக் கீழே கொண்டுவந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மேலே குடிலில் இருந்தவர்கள் அன்றிரவு கஞ்சி மட்டும் குடித்தார்கள்.

பிறகு பழகியது. சில குளிர்காலங்கள் அந்த வண்டியோடு போயின. கை காட்டினாலும் நிற்காமல் போகக் கற்றுக்கொண்டேன். ஆனால் உடம்பில் இன்னொன்று மிச்சம் இருந்தது. ரப்பர் மேட்டில் பைக் சாய்ந்தால் பள்ளத்துப் பக்கம் காலை ஊன்றுவோம். போன குளிரில் ஒரு சரிவில் வண்டி சாய்ந்தபோது காலை ஊன்றினேன். அங்கே ஊன்றுவதற்குத் தரை இல்லை. கால் தொடைவரை போனது, வண்டி அதன்மேல் புரண்டது. லேசான வண்டி என்பதால் அடி முட்டுக்காலோடு போயிற்று. என்னைப் பலகையில் கட்டி அடித்த பாதைவரை இழுத்து, சுற்றுலாக்காரர்களின் கனத்த வண்டியில் கீழே இறக்கினார்கள். ஊரில் வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது படி இறங்கும்போது மட்டும் கைப்பிடி வேண்டும்.

சேட்டன் ஐப்பசியில் கூப்பிட்டார்.

"முட்டு எப்படி உண்டு?"

"மடங்குது. முழுசா மடங்கல்ல."

"அப்பம் மேல ஏற முடியாது. ஒனக்குப் பதிலா ஆளு உண்டா? நம்ம பேச்சு தெரியணும். கள்ளம் பறையாத ஆளா இருக்கணும்."

நான் அளியனைச் சொன்னேன்.

"பனி கண்டிருக்கானா?"

"கடலு கண்டிருக்கான்."

முதல் பெரிய பனி விழுந்ததும் அவன் வண்டியைத் தனியாக மேலே குடிலுக்குக் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோனால் குளிர் முடியும்வரை வேலை, முடியாவிட்டால் அடுத்த ஜீப்பில் திரும்பிவிட வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. மேலே ஏறத் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்.

மனைவியிடம் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தன. "அண்ணனுக்கு ஐஸ்ஸுன்னா மீன் பெட்டியில போடுக ஐஸ்ஸு தான் தெரியும். அங்க போய் என்ன செய்வான்? நீங்க போய் காலை ஒடிச்சது போதாதா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "செரி, நல்லா சொல்லிக் குடுங்க" என்றாள்.

தென்னந்தடியின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டோம். உடைந்த சைக்கிளின் ஹேண்டிலைக் கயிற்றில் கட்டிப் பலா மரத்திலிருந்து தொங்கவிட்டேன். பலகையில் ஏறி நின்று, தடி உருளும்போது விழாமல், ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும். எப்படி என்று காட்டுவதற்காக நான் முதலில் ஏறினேன். உடனே விழுந்தேன். வேலிக்கு அப்பால் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னவாக்கும் ரெண்டு பேரும்? சர்க்கஸ்ல சேரப் போறியளா?"

"பனியில வண்டி ஓட்டப் போறோம் மாமி."

"அதுக்கு முதல்ல ஒழுங்கா நில்லு மக்கா."

அளியன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். பலகை ஆடியது, அவனும் அதனோடு ஆடினான், விழவில்லை. ஒரு கையை விட்டுவிட்டுப் பீடி பற்றவைத்தான். "இது கட்டுமரத்துல நிக்கது மாறில்லா இருக்கு" என்றான். நான் வாரக்கணக்கில் விழுந்து கற்றது அவனுக்குச் சின்ன வயதிலேயே காலில் இருந்தது. கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்புவதைச் சொன்னேன், வள்ளத்து எஞ்சினும் அப்படித்தான் என்றான். விழுந்தால் எஞ்சின் தானாக அணைவதற்குக் கையில் ஒரு கயிறு கட்டுவார்கள் என்றேன், அதுவும் தெரியும் என்றான்.

தெரியாதது ஆக்ஸிலேட்டர். வள்ளத்திலும் ஸ்கூட்டரிலும் கையைத் திருக வேண்டும். பனிவண்டியில் வலது கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்த வேண்டும். விட்டுவிட்டு அழுத்தினால் வண்டி குதிக்கும், புதையும். ஒரே சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும். மணிக்கணக்கில் அப்படிப் பிடித்தால் விரல் மரத்துப்போகும். அதனால் துணி காயப்போடும் கிளிப்பைக் கொடுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பழகச் சொன்னேன். தேயிலை குடிக்கும்போதும் பேசும்போதும் அழுத்திக்கொண்டே இருந்தான். "கிளிப்பு எல்லாம் ஒடியுது. துணி வேலிக்கு அந்தப் பக்கம் போய்க் கெடக்கு" என்று மனைவி சத்தம் போட்டாள்.

பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பொழியூருக்குப் போனோம். அலை தொடாத மேட்டில் மணல் பொடிப்பொடியாகக் கிடக்கும். குளிர் மிகுந்த காலத்தில் விழும் புதுப்பனிக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது இதுதான். கையில் பிடித்தால் நிற்காது, மிதித்தால் வழிவிடும். மணலிலும் ஓடினால் போகும், நின்றால் பின்சக்கரம் குழி தோண்டும். தொலைவில் போய் நின்றுகொண்டு அவனை வரச் சொன்னேன். அவன் கிட்ட வந்ததும் கையை உயர்த்தினேன். செக்போஸ்ட் புத்தி அவனுக்கும் இருக்கும், அதைப் போக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவன் நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினான். நான் முட்டுக்காலைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினேன்.

"கை காட்டுனேனே, நீ நிறுத்தல்லியே?" என்று கேட்டேன்.

"கை பொக்குனா எதுக்கு நிறுத்தணும்? வான்னு தானே அர்த்தம்."

அவன் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வள்ளம் கடலிலிருந்து திரும்பும்போது கரையில் ஒருவன் நின்று அலையைப் பார்ப்பான். பெரிய அலைகள் அடித்து முடிந்து கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் கையையோ துண்டையோ தூக்குவான். அதைக் கண்டதும் வள்ளத்தில் இருப்பவன் முழு வேகத்தில் வந்துவிட வேண்டும். அங்கே தயங்கினால் அடுத்த அலை வள்ளத்தைக் கவிழ்க்கும். அமரவிளைக்கும் பொழியூருக்கும் இடையே ஒரு பஸ் பயணம்தான் தூரம். எங்களுக்கு நில் என்று சொல்லும் கை அவர்களுக்கு வா என்கிறது. நான் சொல்லிக்கொடுக்க வேண்டிய பெரிய பாடம் அவனுக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அவனுக்கென்று ஒன்று இருந்தது. வந்து சேர்ந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே முன்பக்கம் சாடிக் குதித்து, இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வள்ளம் மண்ணைத் தொட்டதும் குதித்து அணியத்தைப் பிடிக்காவிட்டால் அலை அதைத் திரும்ப இழுத்துவிடும், அதற்கான பழக்கம். அணியம் என்பது வள்ளத்தின் முன்மூக்கு.

"எலே, பனியில அப்படிக் குதிச்சா மார்வரைக்கும் போயிருவ. ஏற மாட்ட. வண்டியில நின்னபடியே நிறுத்தணும், மிதிச்சு எறுக்கின எடம் பாத்துப் பைய எறங்கணும்."

"செரி அளியா."

அடுத்த முறையும் குதித்தான். ஸ்கூட்டர் பக்கவாட்டில் சரிந்து கண்ணாடி உடைந்தது.

"என்ன செய்யுவேன், கால் தானா சாடுது."

என் காலும் தானாகத்தான் ஊன்றியது. போவதற்கு முன்பு பல முறை மணலில் ஓட்டிப் பார்த்தோம். ஓட்டம் ஒவ்வொரு முறையும் நன்றாக வந்தது. இறங்குவது ஒரு முறையும் சரியாக வரவில்லை. கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த அவன் கூட்டாளிகள், "அளியனும் அளியனும் மண்ணுல என்னத்த தேடுகாவ? ஸ்கூட்டர் கடல்ல போவாது கேட்டியளா" என்று கூவினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அவன் உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். பிறகு, "குடில் வரைக்கும் கொண்டு போயிருவேன். அது எனக்குத் தெரியும். நிறுத்துகதுதான்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டான்.

அவனைப் பாறசாலையில் ரயில் ஏற்றிவிட்டேன். என்னுடைய பழைய குளிர்ச்சட்டை அவனுக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது. சேட்டனுக்கு உணக்க மீன், அதாவது கருவாடு, ஒரு கட்டு; பிளாஸ்டிக் தாளில் மூன்று சுற்றுச் சுற்றியும் மணத்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறினார். அளியன் அவர் விட்ட இடத்தில் காலை நீட்டிக்கொண்டான். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கட்டைவிரலைக் காட்டினான். நன்றாக இருக்கிறது என்று காட்டினானா, பழகிக்கொண்டிருக்கிறேன் என்று காட்டினானா தெரியவில்லை.

ரயில் போன பிறகு கொஞ்ச நேரம் நடைமேடையில் இருந்தேன். நான் ஏறாமல் வேறொருவனை வடக்கே அனுப்பியது அதுதான் முதல்தடவை. வீட்டில் இருப்பது எனக்குக் கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு. கால்தான் இரவில் வலிக்கும், பகலில் எங்காவது போகச் சொல்லும்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அவன் படம் அனுப்பினான். பனி லேசாகத் தூவிக்கொண்டிருந்தது. பெரிய பனிக்காகக் காத்திருந்தார்கள். கனத்த வண்டியை அடித்த பனியில் ஓட்டிப் பார்த்தானாம், மணல் லாரி மாதிரி இருக்கிறது என்றான். பிறகு ஒருநாள் காலையில் கூப்பிட்டான்.

"அளியா, விழுந்தாச்சு. கதவு தொறக்க முடியல்ல. சன்னல் வழியா சாடினேன்."

"எப்படி இருக்கு? ஈரமா, பொடியா?"

"அரிசி மாவு மாறி. கையில நிக்கல்ல."

"நல்லது ஆக்கும். பொடிப்பனி நல்லா மெதக்கும். ஆனா ஆக்ஸிலேட்டர விடவே கூடாது. மரத்துக்குப் பக்கத்துல போவாத, அடிமரத்தச் சுத்திப் பொள்ளலா இருக்கும், உள்ள விழுந்துருவ. மொட்டைச் சரிவுல மேட்டுப் பக்கம் சாய்ஞ்சு நில்லு. பயந்தா புரளும்."

"செரி."

"எறங்கும்போ..."

"தெரியும். வச்சிரு" என்று வைத்துவிட்டான்.

மனைவி மெழுகுவர்த்தி ஏற்ற மாதா கோயிலுக்குப் போனாள். எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. மரச்சீனியும் மீனும் வாங்கலாம் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். அமரவிளைப் பழைய செக்போஸ்ட்டில் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு கார், பின்னால் நான். கை உயர்ந்தது. அது காருக்கா எனக்கா என்று யோசிப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. பையைத் திறந்து மரச்சீனியைக் காட்டினேன், மீனைக் காட்டினேன். அந்த ஆள், "நான் ஒங்கள நிறுத்தச் சொல்லல்லியே" என்றார். போன் அடித்து அடித்து நின்றது.

தேயிலைக் கடை ஓரத்தில் வண்டியைப் போட்டுவிட்டுத் திரும்ப அழைத்தேன். சேட்டன்தான் எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஒனக்க அளியன் எங்க உண்டுன்னு தெரியுமா?"

"எங்க உண்டு?"

"பனிக்குள்ள உண்டு. தலையும் ரெண்டு கையும் மட்டும் வெளியே உண்டு."

அவர் சிரிப்பது கேட்டது, அதன் பிறகுதான் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மற்ற ஆட்களோடு சேட்டன் காலையிலேயே பனியில் அமிழாத அகலமான பனிச்செருப்பு மாட்டி நடந்து மேலே போயிருந்தாராம். மொட்டைச் சரிவின் உச்சியில், குடில் தெரியும் இடத்தில் நின்றாராம். அளியன் தேவதாரு மரங்களுக்கு நடுவில் நின்றபடியே வந்தானாம், வண்டி அவனுக்கு அடியில் அலைமேல் போகிற வள்ளம் மாதிரி ஏறி இறங்கியதாம். சரிவுக்கு வந்ததும் சேட்டன் வேண்டுமென்றே கையை உயர்த்தியிருக்கிறார். "நீ கொண்டுவந்த ஆளாச்சே, நிறுத்துவான்னு நெனச்சேன்" என்றார். அவன் நிறுத்தவில்லை. சத்தம் கூடியதாம். தெறித்த பனியில் சேட்டன் கொஞ்ச நேரம் கண் திறக்க முடியாமல் நின்றாராம். திறந்து பார்த்தபோது அவன் குறுக்குச் சரிவில் மேட்டுப் பக்கம் சாய்ந்து, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போய்க்கொண்டிருந்தானாம்.

"குடில் முற்றத்துல வளைச்சுக் கொண்டுவந்து நல்லா கொள்ளாமா நிறுத்துனான். எஞ்சின அணைச்சான். நான் கை தட்டப் போனேன். அதுக்குள்ள முன்னால ஒரு சாட்டம். ஆளக் காணல்ல. கிட்ட போய்ப் பாத்தா கழுத்து வரைக்கும் பனியில நிக்கான், ஸ்கீ ரெண்டையும் கெட்டிப் புடிச்சிருக்கான். விடுலேன்னா விட மாட்டேங்கான். வண்டிய கடலு கொண்டு போயிருமாம்!"

"சேட்டா, அவன் அங்க நிக்கலாமா? இல்ல, திரும்பி வரணுமா?"

"நான் என்ன சொன்னேன்? வண்டி மேல வரணும்னு தானே? வண்டி வந்துட்டுது. ஆள நாங்க தோண்டி எடுத்துக்கிடுவோம்." பிறகு குரல் மாறியது. "குளிர் முடிய வரைக்கும் இங்க இருக்கட்டு. அந்தக் குதிப்ப மட்டும் நிறுத்தணும். சரிவுல வச்சு வண்டிக்கு முன்னால குதிச்சா அது அவன் மேலயே வந்துரும். அத நான் பாத்துக்கிடுகேன்."

போனை அவனிடம் கொடுத்தார். பற்கள் தட்டுகிற சத்தம் முதலில் வந்தது.

"அளியா, நீ சொன்னது மண்ணு. இது மண்ணு இல்ல, கேட்டியா. மண்ணுல எறங்குனா அடியில தரை உண்டு. இதுல ஒண்ணும் இல்ல. ஆனா ஓடும்போ, எலே, அலைக்கு மேல ஏறுனா ஒரு நிமிஷம் கனமே இல்லாம இருக்கும் இல்லியா? அது மாறி. ஏறி முடியுக வரைக்கும் அது மாறியே இருந்துது."

எனக்கு அது தெரியும். அதைச் சொல்ல எனக்குத்தான் இத்தனை நாளும் வார்த்தை கிடைக்கவில்லை.

"வீட்டுல சொல்லிரு. பிள்ளையள்ட்டயும் சொல்லிரு" என்றான். சேட்டன் திரும்பவும் போனை வாங்கினார். "முட்டு செரியானா அடுத்த குளிருக்கு நீயும் வா. அவன் ஓட்டட்டு. நீ மேல நின்னு கை காட்டு. அதுக்கு ரெண்டு காலும் வேண்டாம்."

"முட்டு மடங்கணுமே, மேல நடந்து வாறதுக்கு."

"அப்பம் மடக்கு" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கோயிலிலிருந்து திரும்பியிருந்தாள். கிளிப் இல்லாததால் துணிகளைக் கொடியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. "குளிருதாமா?" என்று மட்டும் கேட்டாள். குளிரத்தான் செய்யும் என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் மனைவிக்குப் போன் செய்ய உள்ளே போனாள்.

மீனை அடுக்களையில் வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். தென்னந்தடி அங்கேயே கிடந்தது. பலகை மழையில் நனைந்து ஒரு ஓரம் கறுத்திருந்தது. ஹேண்டில் பலா மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பலகையை எடுத்துத் தடிமேல் போட்டேன்.

"ஒரு ஆளு போயாச்சு. இனி நீயா மக்கா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"சும்மா நின்னு பாக்கேன் மாமி."

நல்ல காலை முதலில் வைத்தேன். பிறகு மற்றக் காலை. முட்டு கொஞ்சம் மடங்கியது, கொஞ்சம் வலித்தது. தடி வலப்பக்கம் உருளத் தொடங்கியது. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்தேன்.